ரோபோ படத்தில் மனிதர்கள் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து அவ்வப்போது படம் பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசுவோம். ரோபோ படம் போட்டால் மட்டும் பேச்சு சீக்கிரம் முடியாது. பிள்ளைகள் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம், அறிவியல் புனைகதை என்றால் உயிரை விடும் இரண்டு மூன்று பேர் இன்னொரு பக்கம் என்று பிரிந்துகொண்டு, கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது ஒரே கேள்வியில்: ரோபோவைப் பற்றிய படத்தில் மனிதர்கள் இருந்தே ஆக வேண்டுமா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில படங்களின் கதையை வெளியே சொல்லியிருக்கிறேன், பார்க்காதவர்கள் கவனம்.

நேராகச் சொல்லுங்கள். மனிதக் கதாபாத்திரம் தேவையா, இல்லையா?

திரையில் தேவையில்லை. ஆனால் ரோபோ என்றால் யாரோ ஒருவர் ஒரு வேலைக்காகச் செய்து வைத்தது. அந்த வேலை என்ன, அதைச் சொன்னது யார், சொன்னவர் போன பிறகும் அந்தச் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பது படத்தில் இருக்க வேண்டும். இதை நான் ‘கட்டளை’ என்கிறேன். கட்டளை இருந்தால் மனிதர் ஒருவர்கூட முகம் காட்டாமல் முழுப் படமும் எடுக்கலாம். கட்டளை இல்லாவிட்டால் பத்து மனிதர்களைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது ரோபோ படம் ஆகாது, தகரச் சட்டை போட்டவர்களின் படம்தான்.

மனிதரே இல்லையென்றால் பார்ப்பவர் யாரோடு ஒன்றுவது?

இது பெரிய கவலையே இல்லை. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் செய்து பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் வருவது ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு மாதிரி திறந்து மூடும் ஒரு கட்டம், அவ்வளவுதான். பார்த்தவர்களை என்ன நடந்தது என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லாரும் கதையே சொன்னார்கள்: பெரியவன் அடாவடிக்காரன், சின்னவன் அவளைக் காப்பாற்றுகிறான், அவள் பயந்து உள்ளே ஓடுகிறாள். முகம் இல்லை, குரல் இல்லை, கை கால் இல்லை. அசைவு மட்டுமே போதுமாக இருந்தது. முக்கோணத்துக்கே இப்படி இரங்கும் நாம், இரண்டு கண்ணும் ஒரு கழுத்தும் உள்ள இயந்திரத்துக்கா இரங்க மாட்டோம்? 1977இல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஆர்2-டி2 என்ற ரோபோ ஒரு வார்த்தைகூடப் பேசாது, கீச் கீச் என்று சத்தம் போடும். அது பயப்படுகிறதா, அடம் பிடிக்கிறதா என்று ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும்.

சொல்லப்போனால், முகத்தை மனிதர் மாதிரியே செய்ய முயன்றால்தான் சிக்கல். ஏறக்குறைய மனிதர் போல, ஆனால் முழுதாக இல்லாத முகம் நம்மைக் கூச வைக்கும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதிவிட்டார்.

‘வால்-ஈ’ படத்தில் முதல் பாதி அருமை, கப்பலில் மனிதர்கள் வந்ததும் சப்பென்று ஆகிவிட்டது என்கிறார்களே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கி 2008இல் வந்த பிக்சார் படம். குப்பை மலையாகிப்போன பூமியில் ஒரே ஒரு குப்பை அமுக்கும் ரோபோ மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் 700 வருடங்களாக ஒரு விண்கப்பலில், சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் வாழ்கிறார்கள். முதல் பாதியில் பேச்சு என்று சொல்லும்படி எதுவுமே கிடையாது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று. வால்-ஈ குப்பையிலிருந்து பொறுக்கியதை எல்லாம் வீட்டில் இனம் பிரித்து வைக்கும். ஒருநாள் கையில் ஒரு கரண்டி கிடைக்கிறது, முனையில் முள் உள்ள கரண்டி. கரண்டிகள் பக்கம் வைக்கப் போகும், நிற்கும். முள்கரண்டிகள் பக்கம் கொண்டுபோகும், மறுபடி நிற்கும். கடைசியில் இரண்டுக்கும் நடுவே வைத்துவிடும். குப்பையை அமுக்கு என்பதுதான் அதற்கு வந்த உத்தரவு. இனம் பிரிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு கரண்டியில் அது கட்டளையைத் தாண்டி வந்துவிட்டது நமக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் மனிதர் யாரும் இல்லை, தேவையும் இல்லை.

பிறகு கப்பல். அங்கே வில்லன் ஆட்டோ என்ற தானியங்கி மாலுமி. பூமிக்குத் திரும்பக் கூடாது என்று அது அடம் பிடிப்பது ஏன்? பல நூறு வருடங்களுக்கு முன்னால் பூமியிலிருந்து ஒருவர் அனுப்பிய ரகசிய உத்தரவு. அவர் செத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, உத்தரவு மட்டும் சாகவில்லை. நன்றாகக் கவனியுங்கள், வால்-ஈக்கும் ஆட்டோவுக்கும் கட்டளை வந்தது ஒரே நிறுவனத்திடமிருந்துதான். ஒன்று அதைச் செய்துகொண்டே அதைத் தாண்டி வளர்ந்தது, மற்றது அதற்குள்ளேயே உறைந்துபோனது. கதாநாயகனும் வில்லனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

சரி, மனிதர் எதற்கு? அந்த உத்தரவை ரத்து செய்ய. ரோபோக்கள் ஆட்டோவோடு எவ்வளவு மோதினாலும் உத்தரவு செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். கப்பலின் தலைவர் முதல்முறையாகத் தன் காலில் எழுந்து நின்று, ஆட்டோவின் விசையைத் தன் கையால் திருப்புகிறார். கொடுத்தவர்கள் வழியில் வந்தவர்தான் அதைத் திரும்பப் பெற முடியும். அந்த இடத்துக்கு மனிதர் வேண்டும். கப்பல் காட்சிகளில் துரத்தல் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தலைவர் எழுந்து நிற்கும் அந்த நிமிடத்துக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

‘எந்திரன்’ படத்தில் சிட்டி மட்டும் போதுமே? வசீகரன், சனா எல்லாம் எதற்கு?

பிள்ளைகள் இதைக் கேட்கும்போது பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. மெக்கன்சி சாலை ரெக்ஸ் திரையரங்கில் தமிழ்ப்படம் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு ரஜினியின் ஒரு வேடத்தைக் குறை என்பதே அபச்சாரம். ஆனால் கேள்வி நியாயமானது.

ஷங்கர் இயக்கி 2010இல் வந்த இந்தப் படத்தில், காதல் பாட்டுகளையும் ரயில் சண்டையையும் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, தீ விபத்துக் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் எரிகிறது. சிட்டி உள்ளே புகுந்து ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே விடுகிறது, கூட்டம் ஆரவாரம் செய்கிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அது அப்படியே தூக்கி வந்து, கேமராக்களும் கூட்டமும் பார்க்க நடுவில் நிறுத்துகிறது. சிட்டியைப் பொறுத்தவரை வேலை முடிந்தது, உயிர் காப்பாற்றப்பட்டுவிட்டது. அந்தப் பெண் மானம் தாங்காமல் ஓடுகிறாள், வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியதால் வந்த சாவு அது. அந்தப் பெண்ணும் சுற்றி நின்ற கூட்டமும் இல்லாமல் இந்தக் காட்சியை எப்படி எடுப்பீர்கள்? சிட்டிக்கு எது தெரியாது என்பதைக் காட்ட, அது தெரிந்த ஒருத்தி வேண்டியிருக்கிறது. அவளுக்குப் படத்தில் சில நிமிடங்கள்தான், ஆனால் என் கணக்கில் இரண்டு ரஜினிக்கு அடுத்து முக்கியமான கதாபாத்திரம் அவள்தான்.

கடைசியில் நீதிமன்றம் சொல்லி, சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. பாகம் பாகமாகக் கழற்றும்போதும் பேசிக்கொண்டே இருக்கும். பிறகு 2030இல் அருங்காட்சியகத்தில் ஒரு பிள்ளை, உன்னை ஏன் கழற்றினார்கள் என்று கேட்க, தான் சிந்திக்க ஆரம்பித்துவிட்டதாக அது பதில் சொல்கிறது. கட்டளையும் மனிதருடையது, தண்டனையும் மனிதருடையது, நடுவில் மாட்டிக்கொண்டது அது.

சனாவுக்கு என்ன வேலை என்று கேட்டால், அவள் இல்லாவிட்டால் சிட்டி ஆசைப்பட ஒருவர் இல்லை. ஆனால் அவளை ஆசைப்படும் பொருளாகவே படம் வைத்துக்கொண்டதில் எனக்கு மனக்குறை உண்டு. சிட்டிக்கு எதிரே நின்று பேசும் அறிவு அவளுக்கும் கொடுத்திருக்கலாம்.

‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படங்களில் மனிதர்கள்தான் தொல்லை என்பது உண்மையா?

பாதி உண்மை. 2007இல் மைக்கேல் பே எடுத்த முதல் படத்தில் மனிதர்கள் அளவுகோலாக நிற்கிறார்கள். பக்கத்தில் ஒரு பையன் நின்றால்தான் அந்த ரோபோ எத்தனை மாடி உயரம் என்று தெரியும். அது தேவையான வேலைதான். ஆனால் அளவுகோலுக்குக் காதல், கல்லூரி, அம்மா அப்பா ரகளை என்று அடுத்தடுத்த படங்களில் ஏற்றிக்கொண்டே போனார்கள், பிள்ளைகளுக்குச் சலித்துப்போனது. 2018இல் வந்த ‘பம்பிள்பீ’ அதைச் சரிசெய்தது. ரோபோவுக்குக் குரல் போய்விட்டது, அதோடு பேச ஒரு பெண் வருகிறாள். அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதனால் அவள் யாருக்கும் தொல்லையாகத் தெரியவில்லை.

2024இல் வந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்’ படத்தில் மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. முழுக்க ரோபோக்களின் கிரகம். சுரங்கத்தில் வேலை செய்யும் இரண்டு நண்பர்கள், உருமாறும் சக்தி தங்களுக்குப் பிறவியிலேயே இல்லை என்று நம்ப வைக்கப்பட்டவர்கள், அது தங்களிடமிருந்து பிடுங்கப்பட்டது என்று தெரிந்ததும் ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். திரையரங்கில் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை, ஆனால் அந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். இங்கே கட்டளை போடுவதும் ஒரு ரோபோவே, ஆனால் கட்டளை இருக்கிறது, அதனால் கதை நிற்கிறது.

செந்தோசா யூனிவர்சல் ஸ்டுடியோவில் 2011 டிசம்பரிலிருந்து ஓடும் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ சவாரியில் ஏறியவர்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். நாம் உட்காரும் வண்டியே ஒரு ரோபோதான். அங்கே மனிதக் கதாபாத்திரம் நாமே.

முழுக்க மனிதரே இல்லாத நல்ல படம் ஒன்று சொல்லுங்கள்.

பாப்லோ பெர்கரின் ‘ரோபோ டிரீம்ஸ்’, 2023. ஸ்பெயின் நாட்டுப் படம், கதை நடப்பது 1980களின் நியூயார்க்கில், அந்த ஊரில் வாழ்பவை எல்லாம் விலங்குகள். பேச்சே கிடையாது. தனியாக இருக்கும் ஒரு நாய், தொலைக்காட்சி விளம்பரம் பார்த்து ஒரு ரோபோவை வரவழைத்து, தானே பூட்டி எடுக்கிறது. இரண்டும் ஊர் சுற்றுகின்றன, கடற்கரைக்குப் போகின்றன, தண்ணீர் பட்ட ரோபோ துருப்பிடித்து மணலில் அசைய முடியாமல் கிடக்கிறது. மறுநாள் நாய் கருவிகளோடு வந்தால் கடற்கரையைப் பருவம் முடிந்து பூட்டிவிட்டார்கள். அப்புறம் முழுக்கக் காத்திருப்புதான்.

இதில் நாய்தான் எசமான், காசு கொடுத்து வாங்கியது. ஒரு நண்பனை விலைக்கு வாங்கினால் அது நட்பாகுமா, வாங்கியவர் போன பிறகு வாங்கப்பட்டதற்குச் சொந்த வாழ்க்கை உண்டா என்ற கேள்வி ஒரு வார்த்தை இல்லாமல் வருகிறது. மனிதர் இல்லாமல், மனிதருக்கும் ரோபோவுக்கும் உள்ள உறவு முழுதாக இருக்கிறது. முடிவைச் சொல்ல மாட்டேன்.

இதற்கு மாறாக 2005இல் வந்த ‘ரோபோட்ஸ்’ கார்ட்டூன் படம். அதிலும் மனிதர் இல்லை, ஜாலியான படம், ஆனால் அந்த ரோபோக்களுக்குப் பதில் எலிகளைப் போட்டாலும் கதை அப்படியே ஓடும்.

இப்படி யோசிப்பது இப்போது வந்த பழக்கமா?

இல்லை. ரோபோ என்ற பெயரை உலகுக்குத் தந்த நாடகமே இந்தக் கேள்வியில்தான் முடிகிறது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’, 1921இல் பிராக் நகரில் மேடையேறியது. ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனிதர்களைக் கொன்றுவிடுகின்றன, ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன, அவரும் தங்களைப் போலக் கையால் வேலை செய்கிறவர் என்பதால். கடைசியில் அவர் முன்னால் இரண்டு ரோபோக்கள் நிற்கின்றன, ஓர் ஆண், ஒரு பெண். ஒன்றை அறுத்து ஆராயப்போகிறேன் என்கிறார். உடனே மற்றது, அதை விடுங்கள், என்னை அறுங்கள் என்கிறது. அடுத்ததைக் கேட்டாலும் அதே பதில். இன்னொன்றுக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று எந்தத் தொழிற்சாலையும் அவற்றுக்குச் சொல்லித்தரவில்லை. அங்கே அந்தக் கடைசி மனிதருக்கு உள்ள ஒரே வேலை, அதைப் பார்ப்பது.

ஸ்பீல்பெர்க்கின் ‘ஏ.ஐ.’ படத்தின் கடைசியில் வருவது வேற்றுக்கிரகவாசிகளா?

இல்லை, எதிர்கால ரோபோக்கள். மெலிந்து நெடுநெடுவென்று இருப்பதால் குழப்பம். 2,000 வருடங்கள் கழித்து மனித இனமே இல்லாத பூமியில், உயிரோடு இருந்த மனிதர்களை நேரில் பார்த்த ஒரு ரோபோப் பையன் கிடைத்துவிட்டான் என்று அவை அவனைப் பொக்கிஷமாகப் பார்க்கின்றன. அவனுக்கு இடப்பட்ட கட்டளை, அம்மாவை நேசி என்பது. அம்மா அவனைக் காட்டில் விட்டுவிட்டுப் போகலாம், அவனால் அந்த நேசத்தை விட முடியாது. 2001இல் வந்த படம். இவ்வளவு கொடுமையான கட்டளையை வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில்தான் ரோபோவைத் தினமும் பார்க்கிறோமே, படத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

பார்க்கிறோம், உண்மைதான். சாப்பாட்டுக் கடையில் பூனை முகம் போட்ட ரோபோ தட்டைச் சுமந்துகொண்டு வருகிறது, எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஒன்று தரையைத் துடைக்கிறது. வழியை மறித்து நின்றால் அது நம்மை விலகச் சொல்கிறது, நாமும் விலகிவிடுகிறோம், சில ஆன்ட்டிகள் ‘சரி சரி போ’ என்று பதிலும் சொல்கிறார்கள்.

ஆனால் 2020 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். கொவிட் காலத்தில் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் ஸ்பாட் என்ற நாலு கால் ரோபோவை நடக்க விட்டார்கள், இடைவெளி விட்டு நில்லுங்கள் என்று பதிவு செய்த குரலில் அது சொல்லிக்கொண்டே போனது. உலகம் முழுக்க அந்தக் காணொளி சுற்றியது, பார்த்த பலருக்கு உடம்பு கூசியது. அடுத்த வருடம் செப்டம்பரில் தோ பாயோ சென்ட்ரலில் சேவியர் என்ற சக்கர ரோபோ, தடை செய்த இடத்தில் புகைப்பவர்கள் உண்டா என்று பார்த்தபடி சுற்றி வந்தது. தட்டு சுமக்கும் ரோபோவிடம் வராத கூச்சம் இவற்றிடம் ஏன் வந்தது? தொழில்நுட்பத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒன்று நமக்காக வேலை செய்கிறது, மற்றது நம்மைப் பார்த்து வேலை சொல்கிறது. யாருடைய சொல்லை அது சுமந்து வருகிறது என்று மனம் உடனே தேடுகிறது. நல்ல ரோபோ படம் இந்தத் தேடலைத்தான் இரண்டு மணி நேரம் நடத்துகிறது, அதனால் தினமும் ரோபோ பார்க்கிற ஊருக்கு இந்தப் படங்கள் இன்னும் அதிகமாகவே தேவை.

தமிழில் மனிதரை ஓரம்கட்டிய ரோபோக் கதை உண்டா?

படத்தில் இல்லை, எழுத்தில் உண்டு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ படியுங்கள், ஜீனோ என்ற ரோபோ நாய். முதலில் வீட்டுச் செல்லமாக வருகிறது, போகப் போகக் கதையின் மூளையாகவே ஆகிவிடுகிறது. அடுத்த பாகத்துக்கு ‘மீண்டும் ஜீனோ’ என்று அதன் பெயரையே வைத்தார். யாராவது அதை ஒழுங்காகப் படமாக எடுத்தால் முதல் காட்சிக்கே போய் நிற்பேன்.

நான் குறும்படம் எடுக்கிறேன். மனித நடிகரே இல்லாமல் எடுக்கலாமா?

தாராளமாக எடுங்கள். கையில் காசு குறைவு என்றால் அதுதான் புத்திசாலித்தனமும்கூட. வீட்டில் தரை துடைக்கும் வட்ட ரோபோ ஒன்று போதும்.

முதலில் அதற்கு என்ன சொல்லப்பட்டது என்று முடிவு செய்யுங்கள். அதை முதல் இரண்டு நிமிடத்துக்குள் பொருளாகக் காட்டுங்கள், வசனமாக வேண்டாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு), குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பாட்டி கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘தினம் காலை எட்டு மணி, சாமி மேடைப் பக்கம் மட்டும் போகாதே’ என்று ரோபோவுக்கே எழுதியது போல. ரோபோவுக்குப் படிக்கத் தெரியாது, பாட்டிக்கு அது தெரியாது. அடுத்த காட்சியில் வீடு காலி, சாமான்கள் பெட்டியில் கட்டிக் கிடக்கின்றன, சாமி மேடை இருந்த இடத்தில் சுவரில் கரி படிந்த தடம் மட்டும். எட்டு மணிக்கு ரோபோ கிளம்புகிறது, அந்தத் தடத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. இப்போது அது உள்ளே போகுமா, திரும்புமா? பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், ஒரு நடிகர்கூட இல்லாமல்.

ஒரு நிபந்தனை. ரோபோ எதையாவது இழக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மின்கலம் தீரலாம், சக்கரம் கழன்று போகலாம், தேடிய ஆள் வராமலே போகலாம். 1972இல் டக்ளஸ் டிரம்புல் எடுத்த ‘சைலண்ட் ரன்னிங்’ படத்தில் விண்வெளியில் மிதக்கும் கடைசிக் காட்டைப் பார்த்துக்கொள்ளக் குட்டை ரோபோக்கள் உண்டு. கால் இழந்த நடிகர்கள் உள்ளே இருந்து கையால் நடந்து அவற்றை இயக்கினார்கள். முகமே இல்லாத பெட்டிகள். அவற்றில் ஒன்று போய்விட்ட பிறகு மற்றவை நிற்கும் விதத்தைப் பாருங்கள், குறும்படத்துக்கு வேண்டிய பாடம் முழுதும் அங்கே இருக்கிறது.

பின்னணிக் குரல் மட்டும் தயவுசெய்து வேண்டாம். ரோபோ என்ன நினைக்கிறது என்று குரலில் சொல்லிவிட்டால் பார்ப்பவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு எதில் தொடங்கலாம்?

‘தி வைல்ட் ரோபோ’, 2024, கிறிஸ் சாண்டர்ஸ் இயக்கியது. புயலில் கப்பலிலிருந்து ஒரு தீவில் ஒதுங்கிய ரோபோ, பார்க்கிற விலங்குகளிடம் எல்லாம் ‘என்ன வேலை செய்ய வேண்டும்’ என்று கேட்டுக்கொண்டே திரியும், எல்லாம் பயந்து ஓடும். கடைசியில் ஒரு வாத்துக்குஞ்சை வளர்க்கும் வேலை வந்து சேர்கிறது: சாப்பிட வை, நீந்த வை, இலையுதிர்காலத்துக்குள் பறக்க வை. மனிதர்கள் எங்கோ தூரத்தில் கொஞ்சம் வருகிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் அவர்களைத் தேடுவதே இல்லை.

அடுத்து ‘வால்-ஈ’. ‘ரோபோ டிரீம்ஸ்’ பத்து வயதுக்கு மேல் என்றால் நல்லது, சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கடற்கரைப் பகுதி ரொம்ப நீளம், அழுதும் விடுவார்கள். ‘எந்திரன்’ போட்டால் அந்தத் தீ விபத்துக் காட்சியில் பக்கத்தில் இருங்கள், கேள்வி கேட்பார்கள். ‘ஏ.ஐ.’ படத்தை உயர்நிலைப் பள்ளி வரை தள்ளி வையுங்கள்.